மூன்றாம் பாகம் எங்கே?

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், மன்னார்குடி. (ஆர்டர் நகலும் புகைப்படங்களும் இணைப்பில்.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆறு புத்தகத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வரிசை தப்பியும், போலிப் பிரதியாகவும், வயது விவரம் தவறாகவும் அனுப்பியது குறித்து.

ஐயா அல்லது அம்மா,

யார் படிக்கப்போகிறீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் பிரிவிலிருந்து இதுவரை வந்த நான்கு பதில்களிலும் எழுதியவர் பெயர் இல்லை. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று மட்டும் நான்கிலும் இருந்தது. என் சிரமம் என்ன என்பதை அந்த நான்கில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. செயலியில் இருக்கும் கட்டத்துக்குள் விஷயம் அடங்கவில்லை, அதனால் தாளில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. தோழியிடம் இரவல் வாங்கி 'ட்வைலைட்' நான்கு பாகத்தையும் அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துவிட்டு, "இதே மாதிரி ஓநாயும் ரத்தக்காட்டேரியும் வர்ற வேற கதை வாங்கிக் குடு பாட்டி" என்றாள். அவள் படித்ததை எல்லாம் நானும் படித்திருந்தேன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் யாரும் என்னை இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

உங்கள் தளத்தில் தேடியபோது பட்ரிஷியா பிரிக்ஸ் எழுதிய மெர்சி தாம்சன் வரிசை வந்தது. மெர்சி கார் மெக்கானிக். பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவள். நினைத்த மாத்திரத்தில் கயோட்டியாக, அதாவது நரியின் சாடையுள்ள அமெரிக்கக் காட்டு விலங்காக, மாறக்கூடியவள். பக்கத்து வீட்டுக்காரர் ஓநாய்க் கூட்டத்தின் தலைவர். சிநேகிதனான ரத்தக்காட்டேரி ஒரு கார்ட்டூன் தொடரில் வருகிற வேனைப் போலப் பெயின்ட் அடித்த வண்டி ஓட்டுகிறான். ட்வைலைட் நடக்கும் ஃபோர்க்ஸ் ஊர் இருக்கிற அதே வாஷிங்டன் மாநிலம்தான். ஆனால் அது மேற்கே மழைக்காட்டுப் பக்கம், இது கிழக்கே கொலம்பியா ஆற்றங்கரையில் வறண்ட பூமி. கையில் கிரீஸ் படிந்த கதாநாயகி என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

'முதல் ஆறு பாகம், வரிசைப்படி, 9 முதல் 12 வயது வரை' என்று நீங்கள் போட்டிருந்தீர்கள். ஒன்று 399 வீதம் ஆறுக்கு 2,394 ரூபாய் கட்டினேன். இந்த 'வரிசைப்படி', '9 முதல் 12 வயது வரை' இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரித்தேன். முதல் பாகம் 'மூன் கால்ட்' இருந்தது. இரண்டாம் பாகம் 'ப்ளட் பவுண்ட்' இருந்தது. மறுபடியும் ஒரு 'ப்ளட் பவுண்ட்' இருந்தது, அதன் முதுகில் 3 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான்கும் ஐந்தும் சரி. ஆறு என்று ஸ்டிக்கர் ஒட்டியது 'க்ரை உல்ஃப்'. எழுத்தாளர் அதே ஆள், உலகமும் அதேதான், ஆனால் அது இன்னொரு வரிசையின் முதல் நாவல். ஆறாம் பாகம் 2011-ல் வந்த 'ரிவர் மார்க்ட்'.

'க்ரை உல்ஃப்' விஷயத்தில் இன்னொரு சங்கடம். அது முதல் நாவல் என்றாலும் கதை அதில் தொடங்குவதில்லை. அதற்கு முன்னால், 2007-ல், 'ஆன் தி ப்ரௌல்' என்ற தொகுப்பில் ஒரு குறுநாவல் வந்தது. நாயகன் சார்லஸும் நாயகி அன்னாவும் சிகாகோவில் சந்திப்பது அதில்தான். அது தெரியாமல் நாவலைத் திறந்தால், கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அவனுக்கு வெள்ளிக் குண்டுக் காயம் எப்படி வந்தது, அவளுக்கு ஆண் ஓநாய்கள் என்றாலே ஏன் பயம், ஒன்றும் புரியாது. புத்தக விவரத்தில் 'இதற்கு முன் ஒரு குறுநாவல் உண்டு' என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

சரி, உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எந்த பார்ட்டை ஃபர்ஸ்ட் படிச்சாலும் ஒண்ணுதான் மேடம், எல்லாமே பேய்க்கதைதானே."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் புத்தகம் விற்கிற இடத்தில் இந்த நினைப்பு இருக்கக் கூடாது. பேய்க்கதைக்கு வரிசை வேண்டாம் என்றால் அதற்குச் சட்டமும் வேண்டாம் என்றாகிவிடும். இந்த வகை நாவல்களில் சட்டம்தான் பாதிக் கதை, அதையும் ஒவ்வொரு எழுத்தாளரும் தனியாக எழுதிக்கொள்கிறார்கள். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்? 1897-ல் வந்த 'டிராகுலா' நாவலில் அந்தப் பிரபு பகலிலும் நடமாடுவார், சக்தி மட்டும் குறைந்திருக்கும். வெயிலில் சாகடித்தது 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் ஊமைப்படம். ட்வைலைட்டில் வெயில் பட்டால் உடம்பு மினுமினுக்கும், அவ்வளவுதான். ஓநாய்கள் பாடும் இப்படியே. ட்வைலைட்டில் வருகிற பழங்குடிப் பையன்கள் கண் இமைக்கும் நேரத்தில் ஓநாயாகிவிடுவார்கள், பௌர்ணமிக்காகக் காத்திருப்பதில்லை. கடைசிப் பாகத்தில் பார்த்தால் அவர்கள் நிஜ ஓநாய் மனிதர்களே இல்லை, உருவம் மாறுகிறவர்கள் என்று ஒரு வார்த்தை வரும். என் பேத்தி அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாள். மெர்சியின் ஊரிலோ ஓநாயாக மாற நிமிடக் கணக்கில் ஆகும், எலும்பு எலும்பாக வலிக்கும், வெள்ளி என்றால் விஷம். இந்தச் சட்டங்கள் பாகம் பாகமாகத்தான் வெளியே வரும். நடுவில் ஒன்றை உருவிவிட்டால் கணக்குப் புத்தகத்தில் ஒரு மாதத்துத் தாளைக் கிழித்த மாதிரிதான்.

மூன்றாம் பாகத்துக்கு மாற்று அனுப்புகிறோம் என்றீர்கள். பதினோரு நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே 'விக்ரம் அண்ட் தி வாம்பயர்'.

அதாவது நம் விக்கிரமாதித்தன் வேதாளம் கதை. 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் இங்கிலீஷில் எழுதியது, அவர் வேதாளத்தை வாம்பயர் என்று எழுதினார். அதனால் உங்கள் கிடங்கில் இருக்கும் ஆளை, அல்லது இயந்திரத்தை, முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேதாளம் ரத்தம் குடிப்பதில்லை. பிணத்துக்குள் புகுந்து தலைகீழாகத் தொங்கும், தோளில் ஏறிக் கதை சொல்லும், கேள்வி கேட்கும், ராஜா வாயைத் திறந்ததும் போய்விடும். உங்கள் புகார் எண்ணும் அப்படியே செய்கிறது. நான் பதில் எழுதியதும் 'தீர்க்கப்பட்டது' என்று காட்டிவிட்டு மறுபடியும் முருங்கை மரம் ஏறிக்கொள்கிறது. இதுவரை மூன்று எண், மூன்றும் தீர்க்கப்பட்டவை.

இதற்கிடையில் பொறுக்க மாட்டாமல் நான்காம் பாகத்தைத் திறந்தேன். முதல் இரண்டு பாகத்தில் எதற்கும் அசராதவள் மெர்சி. இங்கே பார்த்தால் திடீர் திடீரென்று பீதி வந்து மூச்சுத் திணறுகிறாள். எல்லாரும் அவளிடம் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோலப் பழகுகிறார்கள். ஏன் என்று சொல்லும் புத்தகம் என்னிடம் இல்லை. பாதியில் மூடி வைத்துவிட்டு, சென்னையில் இருக்கிற என் மகளை ஒரு கடையில் மூன்றாம் பாகம் 'அயர்ன் கிஸ்ட்' வாங்கி அனுப்பச் சொன்னேன். 499 ரூபாய்.

அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தாளில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த நாவலின் கடைசியில் மெர்சி பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். எழுத்தாளர் அதை மலிவாக எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் எப்படி எழுந்து நிற்கிறாள் என்பதற்கு அடுத்த பாகங்களில் நிறைய இடம் கொடுத்திருக்கிறார், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் அது பெரியவர்களுக்கான புத்தகம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு என்று நீங்கள் எந்தக் கணக்கில் போட்டீர்கள்? அட்டையில் ஓநாய் என்ற பேரைப் பார்த்தாலே சிறுவர் பகுதியில் தள்ளிவிடுவீர்களா?

ஸ்டிக்கரை நம்பி நீங்கள் இரண்டாம் பாகத்தை இரண்டு தடவை அனுப்பினீர்களே, அந்தத் தவறுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. சரியான புத்தகம் வந்திருந்தால் அதை முதலில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருப்பவள் என் பேத்தி.

அப்புறம் ஐந்தாம் பாகம், 'சில்வர் போர்ன்'. என் அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்செழுத்துக் கோர்ப்பவர். பைண்டிங் மேசைக்கு அடியில் விளையாடி வளர்ந்தவள் நான். தாள் பழைய செய்தித்தாள் போல இருக்கிறது, அட்டையின் நிறம் மங்கலாக இருக்கிறது, முதுகை விரித்தால் பக்கங்கள் பசையோடு கழன்று வருகின்றன. 65 முதல் 96 வரை இரண்டு முறை வருகிறது, 97 முதல் 128 வரை இல்லவே இல்லை. ஒன்றாக அச்சடித்து மடிக்கும் தாளைப் பாரம் என்பார்கள், 16 பக்கம் ஒரு பாரம் என்று வைத்தால் இரண்டு பாரம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். பாரம் மாறுவது நல்ல அச்சகத்திலும் நடக்கும். ஆனால் தாளும் மையும் சேர்ந்து பார்த்தால் இது நகலெடுத்து அச்சடித்த போலிப் பிரதி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் தளத்தில் கடை போட்டிருக்கும் வெளி விற்பனையாளர் அனுப்பியது என்றீர்கள். பணம் வாங்கிய ரசீதில் உங்கள் முத்திரைதான் இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில்தான் ஒரு வேடிக்கை. மெர்சி ஒரு புத்தகக் கடைக்காரனிடம் இரவல் வாங்கிய மந்திரப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவாள், கடை பூட்டிக் கிடக்கும், அதிலிருந்துதான் வம்பெல்லாம். நானும் உங்களுக்கு இதைத் திருப்பிக் கொடுக்க மூன்று முறை முயன்றேன். முதல் முறை எடுத்துப்போக ஆள் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை, ஆனால் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று குறுஞ்செய்தி வந்தது. அது வந்தபோது நான் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மூன்றாம் முறை திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றீர்கள். அந்த ஏழு நாளில் ஐந்து நாள் உங்கள் ஆளுக்காகக் காத்திருந்த நாள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் புகாருக்கு இன்றோடு 43 நாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து 15 நாளுக்குள் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், இந்தச் சிறு தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஓய்வு பெற்றவள், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. மூன்று என்று வந்த இரட்டைப் பிரதிக்கு 399, போலிப் பிரதிக்கு 399, ஆக 798 ரூபாய் திருப்பித் தர வேண்டும். சென்னைக் கடையில் கொடுத்த கூடுதல் நூறு என்னோடு போகட்டும். 'க்ரை உல்ஃப்' புத்தகத்தை வைத்துக்கொள்கிறேன். குறுநாவலை மின்னூலாக வாங்கிப் படித்துவிட்டு வந்தால் அது மிக நன்றாக இருக்கிறது. ஆறாம் பாகத்தை வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன். அந்த வெளி விற்பனையாளரின் மற்ற புத்தகங்களை ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே, அந்த '9 முதல் 12 வயது வரை' என்பதை எடுத்துவிடுங்கள். நேற்று இரவு பார்த்தேன், இன்னும் இருக்கிறது.

திருப்பித் தர வேண்டிய மூன்று புத்தகங்களையும் கட்டி வைத்திருக்கிறேன். இல்லை, இரண்டுதான் கட்டியிருக்கிறேன். பர்ட்டன் புத்தகத்தில் பதினோரு கதை, நான் ஏழாவதில் இருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் அடுத்த வாரம் அனுப்புங்கள். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்