லைவ் வியூவில் கூர்மை, வியூஃபைண்டரில் மங்கல்: வாரண்டியில் உள்ள கேமரா பற்றிய புகார்

அனுப்புநர்:
ஸ்டுடியோ பங்குதாரர்கள்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
கேமரா நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) பேக் ஃபோகஸ் கோளாறு, அதாவது குறிவைத்த இடத்துக்குப் பின்னால் கூர்மை விழுவது. சரிசெய்யாமல் திருப்பி அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வாரண்டியில் உள்ள எங்கள் கேமராவை உங்கள் சர்வீஸ் சென்டர் "குறை எதுவும் இல்லை, கை நடுக்கம் அல்லது ஈரப்பதம் காரணமாகலாம்" என்று ஜாப் ஷீட்டில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த இரண்டுமே காரணமில்லை.

கை ஆடியிருந்தால் படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். இணைத்துள்ள கல்யாணப் படங்களில் பெண்ணின் கண்ணிமை மங்கியிருக்கிறது. காதோரத்து முடியும் ஜிமிக்கியின் முத்தும் இழை பிசகாமல் தெரிகின்றன. ஃபோகஸ் பாயிண்டை வைத்தது கண்ணில்.

ட்ரைபாடில் வைத்தும் சோதித்தோம். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்), தூரம் 2 மீட்டர், மிரர் லாக்கப் (அதிர்வு வராதபடி கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்துவது), 2 விநாடி டைமர். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டிக்கு (மிகத் தொலைவுக்கு) திருப்பி, மறுபடி ஃபோகஸ் பிடிக்க வைத்தோம். குறி, கேமராவுக்கு நேராக நிற்கும் தட்டையான அட்டை. அதை ஒட்டி 45 டிகிரியில் சாய்த்த ஸ்கேல். கூர்மை விழுந்தது குறிக்குப் பின்னால், ஸ்கேலில் ஏறக்குறைய 7 செ.மீ. கோட்டில். சாய்வைக் கழித்தால் 5 செ.மீ. இந்தத் தூரத்தில், இந்தத் துளையில் கூர்மை நிற்கும் ஆழமே முன்னும் பின்னும் சேர்த்து 6 செ.மீ.தான். கண் தப்பாமல் என்ன செய்யும்?

அதே ட்ரைபாட், அதே லென்ஸ், லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) கான்ட்ராஸ்ட் முறையில் எடுத்தால் குறி பளிச்சென்று வருகிறது. அது சென்சாரில் விழும் பிம்பத்தையே பார்த்து ஃபோகஸ் செய்யும். வியூஃபைண்டர் வழியே எடுக்கும்போது ஒளி பிரதான கண்ணாடியைத் துளைத்து, அதன் பின்னுள்ள சிறிய துணைக் கண்ணாடியில் பட்டு, மிரர் பாக்ஸின் அடியில் உள்ள ஏ.எஃப். (ஆட்டோ ஃபோகஸ்) சென்சாருக்குப் போகிறது. அந்தப் பாதையின் நீளமும் லென்ஸ் மவுண்டிலிருந்து பட சென்சார் வரையுள்ள தூரமும் ஒத்துப்போகாவிட்டால் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். லென்ஸைச் சந்தேகிக்கவும் வழியில்லை: இதே மாடலின் வேறொரு பாடியில் அது திருத்தமே இல்லாமல் சரியாக இருக்கிறது; எங்கள் பாடியில் மாட்டிய மற்ற லென்ஸ்களும் பின்னால்தான் போகின்றன. ஃபோகஸை முன்பின் நகர்த்த மெனுவில் உள்ள திருத்தமான ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டைக் கடைசி அளவான மைனஸ் 20 வரை இறக்கியும் 2 செ.மீ. மிச்சம் நிற்கிறது. அதற்கு மேல் மெனுவில் இடமில்லை.

"சரியாக இருக்கிறது" என்பதற்கு ஆதாரமாக உங்கள் ஆட்கள் இணைத்த படத்தின் எக்ஸிஃப் விவரத்தை (படத்துடன் பதிவாகும் கேமரா அமைப்புகளை) பார்த்தோம். எஃப் 8. அந்தத் துளையில் 2 மீட்டரில் ஆழம் 26 செ.மீ. வரை நீளும், 5 செ.மீ. பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஃபோகஸ் சோதனையை யாராவது எஃப் 8-இல் செய்வார்களா?

ஈரப்பதம் பற்றி: இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் என்பதால் கேமராவை 45 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினட்டில்தான் வைக்கிறோம். பூஞ்சை பிடித்தாலும் படம் புகைமூட்டமாகும், கான்ட்ராஸ்ட் குறையும்; கூர்மை மட்டும் 5 செ.மீ. பின்னால் தள்ளிப்போகாது.

இன்னொன்று. எங்கள் பின்கோடு தமிழ்நாடு என்பதற்காகப் பார்சலை 700 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். திருவனந்தபுரத்தில் உள்ள உங்கள் சென்டர் இங்கிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். குலுங்கினால் அளவு மாறக்கூடிய பாகத்துக்கு இத்தனை நீளமான கூரியர் பயணம் எதற்கு?

துணைக் கண்ணாடியையும் ஏ.எஃப். சென்சாரையும் திருவனந்தபுரத்திலேயே அளவு பார்த்துச் சரிசெய்யுங்கள். 2 மீட்டரிலும் 4 மீட்டரிலும் எஃப் 1.8-இல், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த சோதனைப் படங்களைத் தாருங்கள். வெள்ளை வெளிச்சத்தில் மட்டுமல்ல, மஞ்சள் விளக்கிலும் சோதியுங்கள். முகூர்த்தங்களில் எங்களுக்குக் கிடைப்பது அதுதான். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் பூஜ்யத்தில் இருக்கும்போதே அளவு சரியாக வராவிட்டால் பாடியை மாற்றித் தர வேண்டும். சோதனைக் கட்டணம் என்று வாங்கிய தொகையையும் கூரியர் செலவையும் திருப்பித் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு செய்வோம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
ஸ்டுடியோ பங்குதாரர்கள்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், சுருக்காத சோதனைப் படங்கள் அடங்கிய பென் டிரைவ்.