தொப்பியைத் துவைக்காதீர்கள்: திரைப்பட உடைகளை ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

திரைப்பட உடைகளையும் பொருட்களையும் ஏலம் விடும் நிறுவனத்தாருக்கும், அவற்றுக்குச் சான்றிதழ் எழுதித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஒரு தொப்பியை என்னிடம் கொண்டுவந்தார். 1989 நவம்பரில் வெளியான 'பேக் டு த ஃப்யூச்சர் 2' என்ற ஹாலிவுட் அறிபுனைப் படத்தில் கதாநாயகன் மார்ட்டி போட்டுவரும் தொப்பி என்று சொல்லி ஏலத்தில் விற்கப்பட்டது. எந்த நிறுவனம் விற்றது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் எல்லோரிடமும் வைக்க வேண்டிய வேண்டுகோள் இது. நண்பர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இது அசல்தானா?"

மூன்று மாலைகள் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அசல் என்று சொல்லவும் முடியவில்லை, போலி என்று தள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்த இடத்தை, விற்பதற்கு முன்பே யாரோ சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டார்கள்.

நான் உடை திருத்துகிறவன். அப்பாவின் தையல் கடையில் காஜா போட்டுப் பழகியவன். இருபது வருடத்துக்கு மேலாக நாடகக் குழுக்களின் உடைகளைப் பழுதுபார்த்து வருகிறேன். தொப்பி என்றால் முதலில் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். வெளிப்பக்கம் கேமராவுக்காகச் செய்தது, பார்த்துப் பார்த்து யார் வேண்டுமானாலும் அதைப் போலச் செய்துவிடலாம். உள்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை, அதனால் அதைப் பார்த்துச் செய்ய முடியாது.

இந்தத் தொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுவயதில் சாய்த்தால் படம் மாறுகிற ஸ்கேல் வைத்திருப்போமே, அந்த வகைப் பொருளில் தைத்தது. மேலே நெருக்கமாக ஓடும் நுண்ணிய வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு லென்ஸ். அதன் அடியில் நிறப்பட்டைகள். தலை திரும்பினால் தொப்பியின் நிறமும் திரும்பும். உடைகளை வடிவமைத்தவர் ஜோஆனா ஜான்ஸ்டன். கதையில் மார்ட்டி காலம் கடந்து போய் இறங்கும் நாளான 2015 அக்டோபர் 21 அன்று இளைஞர்கள் என்ன போடுவார்கள் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்தது.

படத்தில் மார்ட்டி தன் மகனைப் போல நடிக்க வேண்டியிருப்பதால் மகனின் உடையையே போட்டுக்கொள்கிறான். இரண்டு பாத்திரங்களையும் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ்தான் நடித்தார். பறக்கும் பலகைக் காட்சிகளில் சண்டைக் கலைஞர்கள் அவருக்குப் பதிலாக நின்றார்கள். ஆகவே ஒரே மாதிரித் தொப்பிகள் பல தேவைப்பட்டிருக்கும். "மார்ட்டியின் தொப்பி" என்று உங்கள் ஏலப் பட்டியல் கையேட்டில் அச்சிடும்போது எந்தத் தொப்பி என்ற கேள்வி கட்டாயம் எழும். நடிகரின் முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சியில் இருந்ததா? பதிலாள் போட்டதா? கூடுதலாகத் தைத்து வைத்து, கடைசிவரை பெட்டியிலேயே கிடந்ததா? மூன்றுமே படத்துக்காகச் செய்தவைதான், மூன்றும் உண்மையானவைதான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. "படத்துக்காகச் செய்யப்பட்டது", "படப்பிடிப்பில் பயன்பட்டது", "திரையில் தெரிவது" என்று மூன்று படிகள் உங்கள் தொழிலிலேயே உண்டு. முதல் படிக்குக் கையில் சான்றை வைத்துக்கொண்டு மூன்றாவது படியின் விலைக்கு விற்பதைப் பல ஏலங்களில் பார்த்துவிட்டேன்.

இனி உள்பக்கம். நெற்றியில் படும் பட்டையின் நடுப்பகுதிதான் தொப்பியின் நாட்குறிப்பு. நடிகர் மேக்கப்போடு தொப்பி போடுவார். விளக்குகளின் சூட்டில் வியர்ப்பார். மேக்கப்பின் எண்ணெயும் வியர்வையின் உப்பும் சேர்ந்து பட்டையின் மேல் ஓரத்தில் அலைபோல ஒரு கோடு விடும். வியர்வை ஊறிய அளவுக்குக் கோடு ஏறும், காய்ந்த இடத்தில் நிற்கும், மறுநாள் அதற்கு மேலே இன்னொரு கோடு. தேநீரில் நனைத்தோ சாயத்தைத் தடவியோ பழசாக்கியிருந்தால் கறை பட்டை முழுக்க ஒரே சீராக இருக்கும். உண்மையில் போட்டதென்றால் நெற்றிப் பக்கம் கருத்து, காதுப் பக்கம் வெளுத்து, பின்னால் எலாஸ்டிக் சுருங்கும் மடிப்புகளுக்குள் மட்டும் சுத்தமாக இருக்கும். மடிப்பை விரித்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று துணி தெரியும். அதைப் போலியாகச் செய்வது மிகக் கடினம்.

நண்பரின் தொப்பியில் மடிப்பும் ஓரமும் ஒரே நிறம். மூக்கருகே கொண்டுபோனால் சலவைப்பொடி வாசனை.

லேபிளைப் பார்த்தேன். சின்ன வெள்ளைத் துணி, அதில் பேனாவால் எழுதிய பாத்திரத்தின் பெயர். நான்கு பக்கமும் தைத்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்தால் லேபிளின் ஓரத்தை ஒட்டி இன்னொரு வரிசை ஊசித் துளைகள். நூல் இல்லை, துளைகள் மட்டும். அதாவது லேபிளை ஒருமுறை பிரித்திருக்கிறார்கள், பிறகு அரை மில்லிமீட்டர் தள்ளித் திரும்பத் தைத்திருக்கிறார்கள். இப்போதிருக்கும் நூலின் பளபளப்பு தொப்பியில் வேறெங்கும் இல்லை. இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. துவைக்கும்போது கழன்றதை நல்ல எண்ணத்தோடு திரும்பத் தைத்திருக்கலாம். வேறொரு தொப்பியின் லேபிளை எடுத்து இதில் வைத்திருக்கலாம். லேபிளுக்கு அடியில் இருந்த துணி, சுற்றியுள்ள துணியைவிட வெளுத்திருந்தால் அது பல வருடம் அங்கேயே இருந்தது என்று சொல்லியிருப்பேன். சலவையில் அந்த வித்தியாசமும் போயிருக்கும்.

புறஊதா விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. பல கையேடுகளில் "புறஊதா ஒளியில் சோதிக்கப்பட்டது" என்று எழுதுகிறீர்கள். 1939-இல் தைத்ததாகச் சொல்லும் உடையில் நூல் நீலமாக ஒளிர்ந்தால் அது பெரிய சேதி. வெளுப்பைக் கூட்டும் அந்த ரசாயனங்கள் அதற்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தன. 1989-இன் தொப்பிக்கு அது ஒன்றுமே சொல்லாது. அப்போதைய நூலும் ஒளிரும், இப்போதைய நூலும் ஒளிரும், வீட்டுச் சலவைப்பொடியில் முக்கினாலும் ஒளிரும். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் வாங்குகிறவருக்குப் பயன்.

திரையோடு ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. நிறத்தை வைத்து ஒப்பிடக் கூடாது. கோணத்துக்கு ஒரு நிறம் காட்டுகிற பொருள் இது. படம் வெளியான டிவிடி, ப்ளூ-ரே போன்ற டிஸ்க்குக்கு டிஸ்க் நிறத்திருத்தமும் மாறியிருக்கும். பார்க்க வேண்டியது தையலைத்தான். தொப்பியின் துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின் வரிகள் மற்றதோடு எந்தச் சாய்வில் முட்டுகின்றன, எந்தத் துண்டு அரை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது, முன்விளிம்பின் ஓரத்தையல் எந்த இடத்தில் வளைந்து போகிறது என்பவை கத்தரிக்கோல் பிடித்த கையின் ரேகை. ஒரே மேசையில் ஒரே நாளில் தைத்த இரண்டு தொப்பிகளுக்குக்கூட இவை ஒத்துப்போகாது. அப்படி மூன்று நான்கு அடையாளங்களாவது ஒரே காட்சியில் பொருந்த வேண்டும். பொருந்தாத அடையாளம் ஒன்று இருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். "திரையோடு ஒத்துப்போகிறது" என்று ஒரு வரி எழுதி, படத்திலிருந்து எடுத்த மங்கலான ஒரு ஃப்ரேமைப் பக்கத்தில் வைப்பது ஒப்பீடு ஆகாது.

கழுவாமலும் திருத்தாமலும் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு, அறிபுனைப் படம் இல்லையென்றாலும், உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி 2005-இல் மினசோட்டாவின் கிராண்ட் ராப்பிட்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது. 2018-இல் எஃப்.பி.ஐ. மீட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பேணுகிறவர்கள் அதைத் தங்களிடமிருந்த ஜோடியோடு வைத்துப் பார்த்தார்கள். நிறமற்ற கண்ணாடி மணிகள் சிலவற்றில் சிவப்புச் சாயம் பூசி, விழுந்த மணிகளுக்குப் பதிலாக வைத்திருந்தது இரண்டிலும் தெரிந்தது. படப்பிடிப்பின் அவசரத்தில் யாரோ செய்த ஒட்டுவேலை. அதுவே மிகப் பெரிய சாட்சியம் ஆனது. அதோடு, இரண்டு ஜோடிகளின் காலணிகளும் இடம் மாறிக் கலந்திருந்ததும் புரிந்தது. "மணி சரியில்லையே" என்று இடையில் யாராவது நல்ல மனதோடு அதைப் பிடுங்கிச் சரியான சிவப்பு மணியை வைத்திருந்தால் அந்தச் சாட்சியம் அத்தோடு முடிந்திருக்கும். மீண்டு வந்த அந்த ஜோடி 2024 டிசம்பரில் கட்டணங்களோடு சேர்த்து 3.25 கோடி டாலருக்கு ஏலம் போனது.

வாடகை உடைகளின் கதை வேறு. முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நடிகர் அலெக் கின்னஸ் போட்ட மேலங்கி படம் முடிந்து லண்டனின் உடை வாடகை நிறுவனத்துக்கே திரும்பி, எது எதென்று தெரியாமல் மற்ற உடைகளோடு பல வருடம் வாடகைக்குப் போய்வந்தது. பின்னர் அடையாளம் கண்டு 2007-இல் ஏலத்தில் 54,000 பவுண்டுக்கு விற்றார்கள். இப்படிப்பட்ட உடையில் இருக்கும் தேய்மானம் எல்லாம் நடிகருடையது என்று நினைத்துவிடக் கூடாது. தொப்பிகளில் இது இன்னும் அதிகம். அடுத்தவர் தலைக்கு இறுக்க வேண்டும் என்றால் பட்டைக்குள் ரிப்பனை மடித்துத் தைப்பார்கள், பஞ்சு வைப்பார்கள். அதைப் பிரித்துத் தூக்கிப் போடாதீர்கள். தொப்பி யார் யார் தலைக்குப் போனது என்பதன் வரிசை அதில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் வைத்து உங்களிடம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. உங்கள் கைக்கு வரும் தொப்பியை வந்த நிலையிலேயே, உள்பக்கத்தையும் சேர்த்து, அளவுகோலோடு படம் எடுத்துவிடுங்கள். பட்டை, லேபிளின் நான்கு ஓரம், எலாஸ்டிக்கின் மடிப்பு, முன்விளிம்பின் அடிப்பக்கம் எல்லாம் வேண்டும். அந்தப் படங்களைக் கையேட்டில் போடுங்கள். கொண்டுவந்தவர் ஏற்கெனவே துவைத்திருந்தால் "துவைக்கப்பட்டது" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லால் விலை குறையும் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாரா, படத்தில் பார்த்தாரா என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். தொப்பி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரிசையில் இடைவெளி இருந்தால் அதை இடைவெளியாகவே விடுங்கள். "தெரியவில்லை" என்று அச்சிட்ட கையேட்டை நான் அதிகம் நம்புவேன்.

இப்படிப்பட்ட பிளாஸ்டிக் பொருட்களுக்குக் காலமும் குறைவு. மார்ட்டியின் அதே படத்துக்காகச் செய்த நைக்கி காலணிகளில் ஒன்று 2018-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் அடிப்பாகம் ஏற்கெனவே பொடிந்து போயிருந்தது. லென்ஸ் வரி போட்ட தொப்பியும் வெளிச்சத்தில் மங்கும், மடித்தால் கீறல் விடும், சூட்டில் பிசுபிசுக்கும். இன்னும் முப்பது வருடம் கழித்து இதை ஆராய வருகிறவருக்கு நாம் விட்டுப்போவது தொப்பியின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கக்கூடும். மீதியை இன்று எடுக்கும் படங்களிலிருந்துதான் அவர் பார்க்க வேண்டும்.

நண்பரிடம் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அமிலம் இல்லாத காகிதத்தை உருட்டி உள்ளே வைத்து, இருட்டான பெட்டியில் போட்டு, இனி ஒரு துளித் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். லேபிளை நான் பிரிக்கவில்லை. பழைய துளைகளில் ஒன்றில் ஒரு நூல் துணுக்கு சிக்கியிருக்கிறது, எள்ளில் பாதி இருக்கும். அதையும் எடுக்கவில்லை. அந்தத் தொப்பியைத் துவைப்பதற்கு முன் எடுத்த படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கியவருக்கு அனுப்பிவையுங்கள். முதலில் இருந்த நூல் என்ன நிறம் என்பது தெரிந்தால், அந்தத் துணுக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

மிகுந்த மரியாதையுடன்,
உடை திருத்தும் ஒருவன்