மனுநீதிச் சோழரும் ஹாவொர்த் பாதிரியாரும்

அன்புள்ள மணி,

ஏழு மாதம் பதில் போடாததற்குத் திட்டி முடித்திருப்பாய். மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் நலம். போன வாரம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றம் வேறு. ஆனால் தியேட்டர் கதவைச் சாத்தியபோது எனக்குக் கை நடுங்கியது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

காத்திருந்த நேரத்தில் பேட்ரிக் பிராண்ட்டியைப் பற்றிப் படித்தேன். பேரைக் கேட்டுச் சிரிக்காதே, மனிதர் மதுவிலக்குச் சங்கத் தலைவர். வகுப்பில் உன்னைத் தூங்க வைத்த அந்த மூன்று ஆங்கில எழுத்தாளச் சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன், அவர்களின் அப்பா. 1777இல் அயர்லாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1820இல் யார்க்‌ஷயரின் ஹாவொர்த்துக்குப் போதகராக வந்தவர். மறு வருஷமே மனைவி போய்விட்டார். 1846இல், 69 வயதில், மான்செஸ்டரில் இவருக்கும் இதே ஆபரேஷன். மயக்க மருந்து கிடையாது. கால் மணி நேரம் கத்தி, அப்புறம் நாள்கணக்கில் இருட்டறை. துணைக்குப் போன சார்லட் அங்கேதான் 'ஜேன் அயர்' நாவலை எழுதத் தொடங்கினாள். துணைக்குப் போன நான் நாலு டீ குடித்தேன்.

அது கிடக்கட்டும். அந்த மூவருக்கும் மூத்த பெண்கள் இருவரும் 1825இலேயே இறந்துவிட்டார்கள். 1848 செப்டம்பரில் மகன், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன். எட்டு மாதத்தில் மூன்று சாவு. அதே வருஷம் இந்த மனிதர் ஊருக்கு நல்ல தண்ணீர் கேட்டு லண்டன் சுகாதார வாரியத்துக்கு மனு எழுதுகிறார்! 1850இல் பாபேஜ் என்ற இன்ஸ்பெக்டர் வந்து கணக்கெடுத்தால், ஊரில் சராசரி இறப்பு வயது 26கூட இல்லை. நூற்றுக்கு 41 பேர் ஆறு வயதை எட்டவில்லை. கல்லறைத் தோட்டமோ நிரம்பி வழிந்தது. வரி ஏறுமே என்று காசுள்ளவர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். கிழவர் விடவில்லை, மேலும் மேலும் கடிதம்.

தெருக்குழாய்க்காக அப்பா எழுதிய மனுக்களும், நாம் அவருக்கு 'மனுநீதிச் சோழர்' என்று பேர் வைத்ததும் ஞாபகம் வந்தது. ரொம்பச் சிரித்துவிட்டோம், மணி.

1855இல் சார்லட்டும் போனாள். அவள் கல்யாணமே கூடாது என்று ஒருகாலத்தில் குதித்த கிழவர், அதே மருமகனோடு ஆறு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்து, 84 வயதில் கண்ணை மூடினார்.

நம் சோழர் மறுநாள் கட்டுப் பிரித்ததும் பேனாவைத் தேடினார். தெருமுனை விளக்கு எரியாதது இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறதாம். மனுவில் உன் கையெழுத்தும் வேண்டுமாம். பொங்கலுக்கு வா.

அன்புடன்,
செல்வம்