ஆய்வுச் சொற்பொழிவுகள் ஊராருக்கும் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பல்கலைக்கழகங்களின் உளவியல், சமூகவியல், பொருளியல் துறைகள் நடத்தும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பொதுமக்களுக்கும் உரியவை என்றே அறிவிக்கப்படுகின்றன. ஆனால், அவை நடத்தப்படும் முறை மக்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் துணைவேந்தர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் மனவளர்ச்சி குறித்த சிறப்புரைக்குச் சென்றிருந்தேன். வேலை நாள், காலை 11 மணி. 'அனைவரும் வருக' என்றிருந்த அழைப்பிதழ் துறையின் அறிவிப்புப் பலகையைத் தாண்டவில்லை. அங்கு படிக்கும் உறவுக்காரப் பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள் எல்லாம் முடிந்த பின்னரே பேராசிரியருக்கு ஒலிபெருக்கி கிடைத்தது. உரை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. உணவு வேளை நெருங்கிவிட்டதால் கேள்வி நேரத்தைக் கைவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், கேள்விகளை எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். நாள்தோறும் குழந்தைகளோடு இருப்பவர் அவர். அவருடைய கேள்விகளால் பேராசிரியருக்கும் பயன் இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் பேசாமல் விட்ட இடத்தைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களும் வாட்ஸ்அப் காணொளிகளும் நிரப்புகின்றன. மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோர் இன்று குறைவு. உடனே தின்றால் ஒரு மிட்டாய், சற்றுப் பொறுத்திருந்தால் இரண்டு. பொறுத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் அடித்துச் சொல்கிறார்கள். இச்சோதனையை நடத்திய உளவியலாளர் வால்டர் மிஷல் தொடக்கத்தில் சோதித்த குழந்தைகள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் படித்தவர்கள் என்பதை எவரும் சொல்வதில்லை. பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து வேறு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இடையிலான தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், இளவயது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தபோது மிஞ்சியதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. தன் குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று கலங்கும் கூலித் தொழிலாளியான தாய்க்கு இதைச் சொல்ல வேண்டியவர்கள் உளவியல் துறையினர் அல்லவா?

இப்படிச் சொல்வதால் உளவியலுக்கு இழுக்கு எதுவும் இல்லை. புகழ்பெற்ற ஆய்விதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து, அவற்றில் 36 விழுக்காடு அளவுக்கே தெளிவான முடிவு திரும்பக் கிடைத்தது என்று 2015-இல் உலகறியச் சொன்னவர்களும் உளவியலாளர்களே. தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அந்த நேர்மையைத்தான் மக்கள் முதலில் அறிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சமூக அறிவியலில் இந்தக் கடமை இன்னும் கூடுதலானது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயத் தொடங்கினார். எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டும், பிற மாவட்டங்களின் தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் போன்ற ஊர்களும் 1918-இல் அச்சேறிய அந்த ஆய்வு நூலில் இடம்பெற்றன. 1930-களில் அதே ஊர்களுக்கு ஆய்வாளர்கள் மறுபடி சென்றார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் வந்தார்கள். நிலம் யார் கையில் இருந்தது, பண்ணையில் கட்டுண்டு உழைக்கும் படியாள் முறை எப்படித் தளர்ந்தது, உழவை விட்டு வெளிவேலைக்குப் போனவர்களால் ஊர் எப்படி மாறியது என்பதற்கெல்லாம் ஏறத்தாழ நூறாண்டுச் சான்று அங்கே இருக்கிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த முடிவுகளைத் தமிழில் எடுத்துரைப்பது சலுகை ஆகாது. பட்ட கடனைத் தீர்ப்பதே ஆகும்.

எனவே, ஒவ்வொரு அறக்கட்டளையின் சொற்பொழிவுகளில் ஒன்றையேனும் தமிழில், விடுமுறை நாள் மாலையில், மாவட்ட மைய நூலகத்திலோ ஆய்வு நடந்த ஊரிலோ நடத்த வேண்டும். வாழ்த்துரைகளைக் குறைத்து, பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டில் ஆய்வு செய்யப்பட்டது, அதன் முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதைப் பேச்சாளர் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான சொற்பொழிவு அட்டவணை முடிவாகும் முன்பே துணைவேந்தர்கள் இதற்கான சுற்றறிக்கையைத் துறைத் தலைவர்களுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
விழுப்புரம்.