விடுமுறைக்குக் கலர் வாங்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்குகிறது. இந்த முறை வீட்டுப்பாடம் எதுவும் கொடுத்து அனுப்பவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். இதை உங்கள் பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் திக்காமல் வாசிக்க வேண்டும். சின்னவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தாலே போதும். வாசிப்புப் பயிற்சியும் ஆச்சு.

லீவில் பிள்ளைகள் படம் வரையட்டும், கையால் ஏதாவது செய்யட்டும். ஆனால் அதற்காகக் கடைக்குப் போய் எதையும் வாங்க வேண்டாம். கைவேலை செய்து வா என்று நாங்கள் சொன்னால் பல வீடுகளில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெர்மாகோல், சார்ட், ஜிகினாத் தூள், பசை டியூப் என்று காசு கரைகிறது. அப்புறம், இவ்வளவு கொடுத்து வாங்கியதைப் பிள்ளை வீணாக்கிவிடுமே என்று அம்மாவோ அண்ணனோ உட்கார்ந்து செய்து முடிக்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. மறுநாள் எங்களிடம் வருவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பிள்ளையின் கை படவே இல்லை. காசு போடாத பொருள் என்றால் கெட்டுப்போகுமே என்ற கவலை இருக்காது. பெரியவர்களும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார்கள். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்தை நம் பிள்ளைகள் சுற்றுலாவில் பார்த்திருக்கிறார்கள். மீனும் அன்னமும் யானையும், பூப்பறிக்கிற ஆட்களுமாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கிற ஓவியம் அது. காவி, சுண்ணாம்பு, கரி என்று மண்ணிலும் கல்லிலும் அடுப்பிலும் கிடைத்ததை வைத்துத்தான் அப்படி வரைந்திருக்கிறார்கள். நமக்கும் அதுபோன்ற சாமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

உடைந்த செங்கல்லைப் பொடித்துப் பழைய வேட்டித் துணியில் சலித்தால் செம்மை நிறம். அடுப்புக்கரியை அப்படியே செய்தால் கறுப்பு. துண்டு சாக்பீஸைப் பொடித்தால் வெள்ளை. பொடியை வெறும் தண்ணீரில் கலந்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். பிடித்து நிற்கப் பிசின் வேண்டும். கருவேல மரத்தில் வடிந்து காய்ந்திருக்கும் பிசினை எடுத்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பொடியைக் குழைத்தால் போதும். கடையில் விற்கிற வாட்டர் கலர் கட்டியிலும் வேல மரத்துப் பிசின் வகைதான் சேர்க்கிறார்கள். முள் குத்தும் என்பதால் பிசினை மட்டும் பெரியவர்கள் எடுத்துக்கொடுங்கள். பச்சைக்குக் கோவை இலையைக் கசக்கித் தேய்க்கலாம். கோவை இலையும் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய கதையைத் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். பிரஷ்ஷா? வேப்பங்குச்சியின் நுனியைப் பல் துலக்குகிற மாதிரி மென்றால் பிரஷ் தயார். பெரிய பிரஷ் வேண்டுமென்றால் தேங்காய் மட்டையில் ஒரு துண்டை நசுக்கிக்கொள்ளலாம்.

பேப்பருக்கும் பஞ்சமில்லை. மாதக் காலண்டரின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கம், முடிந்த நோட்டில் மிச்சமிருக்கும் தாள்கள். எதுவுமே இல்லையென்றால் வாசல் சிமெண்டுத் தரை இருக்கிறது. கரியால் வரைந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது மஞ்சள். இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூளை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கோடு போடாத வெள்ளைத் தாளில் பூசி நிழலில் காயவிடுங்கள். துணி துவைக்கிற சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி அதில் தொட்டு, காய்ந்த மஞ்சள் தாளில் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேலைதான். சோப்பும் சுண்ணாம்பு போலக் காரத்தன்மை உள்ளது. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் பழையபடி மஞ்சளாகும். அமிலம், காரம் என்று மேல்வகுப்பில் வரப்போகிற பாடத்தைப் பிள்ளை இப்போதே கண்ணால் பார்த்துவிடும். செம்பருத்தி இதழிலும் இதைச் செய்யலாம். தாளில் தேய்த்தால் ஊதாவாக ஒட்டும். எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும்.

மஞ்சளில் இன்னொரு வித்தை, கத்திரி வெயிலுக்கு ஏற்றது. மஞ்சள் பூசிக் காய்ந்த தாளின் மேல் ஒரு வேப்பிலைக் கொத்தையோ முருங்கை இலையையோ அழுந்தப் பரப்பி, ஓரங்களில் கல் வைத்து, நல்ல வெயிலில் விட்டுவிடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். சாயங்காலம் இலையை எடுத்துப் பாருங்கள். சரியாகத் தெரியவில்லை என்றால் மறுநாளும் வெயிலில் வையுங்கள், அவசரமில்லை. நல்ல சட்டையில் மஞ்சள் பட்டுவிடுமே என்று பயப்படும் அம்மாக்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. துவைத்து வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் கறை வெளுத்துப்போகும். சோப்புப் போட்டதும் சிவந்தால் பதற வேண்டாம்.

மெழுகுவர்த்தித் துண்டு இருந்தால் அதைக்கொண்டு வெள்ளைத் தாளில் அழுத்தி வரையச் சொல்லி, மேலே மஞ்சள் தண்ணீரோ டீ டிகாஷனோ பூசினால், மெழுகு உள்ள இடத்தில் நிறம் ஏறாமல் படம் வெளியே வரும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குக் கூச்சல் போடுவார்கள். அச்சுக் குத்துவதற்கு முற்றின வெண்டைக்காயின் காம்புப் பக்கம் போதும், பூ மாதிரி விழும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் கட்டம் கட்டமாக வரும்.

இனி கைவேலை. இது நுங்கு சீசன். தின்று முடித்த காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. தென்னை ஓலையில் காற்றாடி, ஊதல், பாம்பு, கிளி எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், கேட்பாரில்லாமல்தான் சும்மா இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

பாட்டிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். முறத்துக்குப் பூச வெந்தயமும் காகிதமும் அரைப்பீர்களே, அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். கிழித்த தாளை இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இடித்து, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் ஈரத்துணி போட்டு அப்பிக் காயவைத்தால் சின்னக் கூடை கிடைத்துவிடும். வெந்தயத்தின் வழவழப்பே பசை. பழைய பரீட்சைத் தாள்களையும் தாராளமாக இடிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

முட்டை ஓட்டை மேலே சின்னதாக உடைத்துக் கழுவி, அடியில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டவைத்து, முகம் வரைந்து காகிதத் தொப்பி போட்டால், எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். தஞ்சாவூர்ப் பொம்மையும் அப்படித்தான், பாரம் முழுக்க அடியில் இருக்கிறது. களிமண் பொம்மை செய்பவர்கள் மண்ணில் கொஞ்சம் மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து நிழலில் காயவையுங்கள், வெடிக்காது. ஐயனார் கோயில் மண் குதிரைக்கும், மண்பாண்டம் செய்கிற வேளார்கள் மணலும் உமியும் சேர்த்துத்தான் மண் பிசைகிறார்கள். பேப்பரில் பூ செய்து மாலை கட்டத் தெரிந்தவர்களுக்கும் நம் பக்கத்தில் குறைவில்லை. மாசி மகத்துக்குக் குளமங்கலத்து ஐயனார் கோயில் பெரிய குதிரைச் சிலைக்கு விழுகிற மாலைகள் காகிதப் பூ மாலைகள்தானே.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுண்ணாம்பு பிள்ளைகள் கையில் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறத்துக்காக இலையும் பூவும் பறிக்கும்போது அரளி, ஊமத்தை, எருக்கு, கள்ளி நான்கையும் தொடவே கூடாது என்று சொல்லி வையுங்கள். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணைக் கெடுக்கும், அரளியும் ஊமத்தையும் விஷம். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சினால், போஸ்டர் ஒட்டுபவர்களைப் பார்த்து மயில்துத்தம் போடாதீர்கள், அதுவும் விஷம்தான். அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சினால் போதும். பட்டத்துக்கும் காகித வேலைக்கும் ஒரு பிடி சோறே நன்றாக ஒட்டும். பிளேடும் அரிவாள்மனையும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கொடுக்க வேண்டாம்.

மற்றபடி, பிள்ளை வரைகிற மாட்டுக்கு ஐந்து கால் இருந்தால் இருக்கட்டும். அழித்துத் திருத்தாதீர்கள். இது என்ன கிறுக்கல் என்று கேட்காமல், இந்த நிறம் எதிலிருந்து எடுத்தாய் என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளை செய்ததோடு ஒப்பிட வேண்டாம். செய்ததை எல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பதும் இல்லை.

பள்ளி திறக்கும் நாளில் தாழ்வாரத்தில் கயிறு கட்டியிருப்போம். பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை மட்டும் கொண்டுவரட்டும், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. பின்பக்கத்தில் பெயரும், எதைக்கொண்டு செய்தது என்றும் பிள்ளையே எழுத வேண்டும். போட்டியோ பரிசோ கிடையாது. களிமண் பொம்மையும் நுங்கு வண்டியும் வைக்க ஜன்னல் ஓரத்தில் பெஞ்சு போடுகிறோம். அதோடு, வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய பத்திரிகை அட்டை, தீப்பெட்டி, முட்டை அட்டை, பழைய சைக்கிள் டியூப் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள். அரவிந்த் குப்தா என்ற ஐஐடி பொறியாளர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்தே வடிவங்கள் கட்டக் கற்றுத் தந்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜூன் மாதம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் அதைத்தான் செய்து பார்க்கப் போகிறோம். தீக்குச்சிகளில் மருந்தை நாங்களே நீக்கிக்கொள்கிறோம்.

வெயிலில் பிள்ளைகளைத் தனியாகக் குளம், கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி
புதுக்கோட்டை மாவட்டம்