கூண்டுக்குள் என்ன விரிப்பது?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம்: கினிப் பன்றிக்குக் காகிதத்தில் செய்த படுக்கைத் துகளை வாங்கிப் போடு. ஆனால் பேச்சோடு பேச்சாக, "சீடர் (cedar) என்கிற மரத்தின் சீவல் ஒரு மூட்டை பார்த்தேன், மணம் ஆளைத் தூக்குது, அதையே எடுக்கட்டுமா?" என்றாயே, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அதை எடுக்காதே. ஏற்கெனவே எடுத்துவிட்டாய் என்றால் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடு.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் வீட்டுக் கினிப் பன்றிகளைக் கொஞ்சியது நீ. கூண்டு கழுவியது நான். அதனால் இந்த ஒரு விஷயத்தில் உன்னைவிட எனக்கு அனுபவம் கூடுதல் என்பதை நீ ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

முதலில் அந்த மணத்தைப் பற்றி. சீடரிலும் பைனிலும் இருந்து எளிதில் ஆவியாகும் சில பொருள்கள், ஃபீனால் வகையும் அதில் சேர்த்தி, எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும். அவை சின்னப் பிராணிகளின் மூச்சுக்குழாயை உறுத்தும். ஆய்வுக்கூட எலிகளை இந்த மரச்சீவல் மேல் வைத்து வளர்த்தபோது அவற்றின் கல்லீரல் நொதிகளின் வேலையே மாறிப்போனதைக் கண்டிருக்கிறார்கள். நமக்கு அது மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு நொடி வந்து போகிற வாசனை. கினிப் பன்றிகளோ அதன் மேலேயே நின்று, தின்று, தூங்குகின்றன. மூக்குக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. பைனில் மட்டும் ஒரு விலக்கு உண்டு: சூளையில் வைத்து உலர்த்தியதாக இருந்தால் அந்தப் பொருள்களில் பெரும்பகுதி போய்விடும், பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் கையில் அள்ளி முகர்ந்து பார். வாசனை தூக்கலாக இருந்தால் வேண்டாம். மரம்தான் வேண்டுமென்றால் ஆஸ்பென் நல்லது. அதில் அந்த நெடி கிடையாது, ஈரம் உறிஞ்சுவது மட்டும் காகிதத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

வாசனை போட்ட காகிதப் படுக்கையும் விற்கிறார்கள், லாவெண்டர் அது இது என்று. அதையும் தொடாதே. காரணம் வேறு. சிறுநீர் தேங்கிய இடத்தில் கிருமிகள் வேலை செய்து அம்மோனியா கிளம்பும். அது மூச்சுப்பாதையின் உள்தோலை அரித்துவிட்டால், நுரையீரலில் தொற்று நுழைய வழி திறந்துவிட்ட மாதிரிதான். நிமோனியா இந்தப் பிராணிகளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும். படுக்கையை மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்வதே அந்த நாற்றம்தான்; அதையும் லாவெண்டர் மூடிவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்? நின்றுகொண்டு முகர்ந்தால் போதாது. குனிந்து, கூண்டின் தரை மட்டத்துக்கு மூக்கைக் கொண்டுபோய்ப் பார். அங்கே கண் எரிகிற மாதிரி இருந்தால் நீ ஏற்கெனவே தாமதம்.

அடுத்தது பாதம். ஒன்றைத் தூக்கி மடியில் சாய்த்து வைத்து அடிப்பாதத்தைப் பார்: முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று, உள்ளங்கால் முழுக்க முடியே இல்லாத தோல். வளர்ந்த ஒன்றின் எடை ஒரு கிலோவைத் தொடும், அவ்வளவும் அந்த மெல்லிய தோல்மேல்தான். ஈரத்திலோ கம்பி வலை மேலோ நாள் முழுக்க நின்றால் தோல் சிவந்து, தடித்து, பிளந்து புண்ணாகும். முற்றினால் எலும்புவரை போகும், ஆறுவதும் லேசில்லை. கம்பித் தரையுள்ள கூண்டு என்றால் அதன்மேல் கெட்டியாக ஏதாவது போட்டு முழுவதையும் மூடிவிடு. துகள் எதுவானாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டு. மூட்டையை மிச்சம் பிடிக்கிறேன் என்று தூவி வைக்காதே.

காகிதத் துகளை ஏன் முதலில் சொன்னேன் என்றால், மென்மை, நன்றாக உறிஞ்சும், தூசி குறைவு. எந்த மூட்டையானாலும் அடியில் கொஞ்சம் தூசி சேர்ந்திருக்கும், அந்தக் கடைசிக் கைப்பிடியைக் குப்பையில் போட்டுவிடு. கலர் போட்டது வேண்டாம், வெள்ளையாகவே வாங்கு. இவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது சகஜம். சிறுநீரில் ரத்தம் கலந்தால் வெள்ளையில் உடனே கண்ணில் படும், நீலத்திலும் ஊதாவிலும் படாது. சிறுநீர் சில சமயம் துரு நிறத்தில் இருக்கும், அதைப் பார்த்ததும் அலறாதே. உண்மையான ரத்தமா என்பதை மருத்துவர் ஒரு சின்னச் சோதனையில் சொல்லிவிடுவார்.

ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைத் துணியைப் பற்றி உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். நல்ல பொருள்தான், வயதாகி மூட்டு வலி வந்த பிராணிக்கு அதைவிடச் சுகமானது கிடையாது. ஆனால் கடையிலிருந்து வந்த துணியை அப்படியே விரிக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பார், தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நிற்கும். சுடுதண்ணீரில், துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல், திரும்பத் திரும்பத் துவைத்த பிறகுதான் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கும். அப்படி இறங்குகிறவரை விரிக்காதே. கீழே தடித்த துண்டோ உறிஞ்சும் விரிப்போ கட்டாயம் வேண்டும். ஃப்ளீஸ் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, கீழே கடத்திவிடும், அவ்வளவுதான். தினமும் புழுக்கையைக் கூட்டி எடுக்கவேண்டும். ஒன்று ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் போடும், உன்னிடம் இருப்பது ஜோடி! மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துவைக்கவும் வேண்டும். முடியையும் புல்லையும் வெளியே நன்றாக உதறிவிட்டு, ஜிப் வைத்த துவைக்கும் பைக்குள் போட்டால்தான் மெஷின் பிழைக்கும். வேலைக்குப் போய் அலுத்து வருகிற உனக்கு ஆரம்பத்தில் இந்தப் பாடு வேண்டாம் என்பது என் எண்ணம்.

பின்னால் ஆசை இருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்: கூண்டு முழுக்க ஃப்ளீஸ், புல் வைக்கிற இடத்தின் கீழே மட்டும் ஒரு தட்டு நிறையக் காகிதத் துகள். இவை தின்றுகொண்டே கழிக்கிற ஜாதி, பெரும்பாலான ஈரம் அந்தத் தட்டில்தான் விழும். தினமும் அதை மட்டும் மாற்றினால் மற்றது பல மடங்கு தாங்கும். முழுவதும் துகளாக இருந்தால், நனைந்த மூலைகளைத் தினமும் அள்ளிவிட்டு, வாரம் ஒருமுறை மொத்தமாக மாற்று.

மரத்தூள், மக்காச்சோளச் சக்கை, தண்ணீர் பட்டால் கட்டியாகிற பூனை மணல் மூன்றும் கூடவே கூடாது. முதலாவது நெஞ்சுக்குள் போகும், இரண்டாவது பூஞ்சை பிடிக்கும், தின்றால் மூன்றாவது குடலில் உறைந்து அடைக்கும். வைக்கோல் முனை கண்ணைக் குத்தும். செய்தித்தாளை அடியில் விரிக்கலாம், அது மட்டும் போதாது. காய்ந்த புல் அவற்றின் உணவு. ஈரம் உறிஞ்சாது, அதனால் படுக்கை ஆகாது. படுக்கைமேல் கொஞ்சம் தூவினால் குஷியாகப் புகுந்து விளையாடும், ஆனால் நனைந்ததை அன்றே எடுத்துவிடு.

கழுவும்போது தட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும். அது சிறுநீரிலுள்ள கால்சியம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி ஊறவிட்டால் விட்டுவிடும், சுரண்டித் தட்டைக் கீறவேண்டாம். அலசி, நன்றாகக் காயவிட்டுப் புதுப் படுக்கையைப் போடு.

புதுப் படுக்கை போட்ட அன்று ஒன்றிரண்டு தும்மல் வந்தால் பரவாயில்லை. மூக்கு ஒழுகினாலோ, கண் ஓரம் பொருக்குத் தட்டினாலோ, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, முக்கியமாகப் புல் தின்பதை நிறுத்தினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போ. வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்சிசிலினைக் கரைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் இவற்றின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியா செத்து உயிருக்கே ஆபத்தாகும். நாய் பூனை பார்க்கிற எல்லாரும் இவற்றைப் பார்ப்பதில்லை. அதனால் யார் பார்ப்பார் என்று ஒன்றுக்கும் அவசரமில்லாத இப்போதே விசாரித்து, நம்பரைக் குறித்து வைத்துக்கொள், சரியா.

அன்புடன்,
அப்பா