கால் ஊன்றாமல் ஒரு வளைவு

ரோட்டோருவா, நியூசிலாந்து
டிசம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தினமும்தான் ஃபோனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோன் என்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் கேட்கிறது. இதில் ஒரு விஷயம் முதலில் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டியது. படித்து முடித்துவிட்டு அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரியில் ஃபோன் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லி ஒன்றரை மாதம் முகம் காட்டாமலே பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து எனக்கு இடது காறை எலும்பு உடைந்திருந்தது. பதறாதீர்கள், நன்றாகச் சேர்ந்துவிட்டது, இப்போது அந்தக் கையால்தான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். உடைந்த இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் இருக்கிறது. உங்கள் பேரன் அதற்கு 'ஸ்பீடு பிரேக்கர்' என்று பேர் வைத்திருக்கிறான்.

சரி, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

வந்த புதிதில் இந்த ஊர் எனக்குப் பிடிக்கவே இல்லை. இறங்கின அன்றைக்கே அழுகின முட்டை நாற்றம். வீட்டுக்காரர் சாக்கடையைச் சரியாக மூடவில்லை என்று நானும் உங்கள் மாப்பிள்ளையும் ராத்திரி டார்ச் அடித்துத் தேடினோம். ஊரே அப்படித்தானாம், அது பூமிக்கு அடியிலிருந்து வருகிற கந்தக வாயு. பூங்காவில் நடந்துகொண்டிருக்கும்போதே வேலி போட்ட குழிக்குள் சேறு கொதிக்கிறதைப் பார்க்கலாம். நீங்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளிக் கொலுசு ஒரு மாதத்தில் கறுத்துப் போனது, பல்பொடி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், மறுபடியும் கறுக்கும். இப்போது தேய்ப்பதை விட்டுவிட்டேன். நாற்றமும் மூக்குக்குத் தெரிவதில்லை.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், முதியோர் இல்லத்தில் நர்ஸ், காலை 7 முதல் மதியம் 3 வரை. ஆளைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி வீட்டுக்கு வந்தால் சோபாவில் விழுவதோடு நாள் முடிந்துபோகும். இரண்டு வருஷம் அப்படியே போனது. கூட வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி ஒரு நாள், "இந்த ஊரில் இருந்துகொண்டு காட்டுக்குச் சைக்கிளில் போகாமல் இருக்கிறாயே" என்று கிட்டத்தட்டத் திட்டி இழுத்துப் போனாள்.

அந்தக் காட்டுக்கு வாகரேவாரேவா என்று பேர். ஊரிலிருந்து காரில் 10 நிமிஷம்கூட ஆகாது. ஒரு பக்கம் 1901இல் நட்ட கலிஃபோர்னியா ரெட்வுட் மரங்கள், அண்ணாந்து பார்த்தால் ஹெல்மெட் பின்னால் சரியும். மிச்சம் பெரும்பாலும் பைன், வெட்டி விற்பதற்காகவே வளர்ப்பது. அதனால் திடீரென்று ஒரு நாள் போனால் நமக்குப் பழகின பாதையை மறித்துக் கயிறு கட்டியிருக்கும், மரம் வெட்டுகிறார்கள், இரண்டு மாதம் கழித்து வா என்று. நிலம் மாவோரி மக்களுடையது. அந்த மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே மண் பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதைக்கும் 1 முதல் 6 வரை எண், 1 என்றால் குழந்தைகள் போகலாம், 6 என்றால் நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. அம்மா கேட்டால் சொல்லுங்கள், இங்கே பாம்பு கிடையாது. நாடு முழுக்கவே கிடையாது. நம் ஊர் அய்யனார் கோயில் பாதையில் போகும்போது யானை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு போவோமே, அந்தப் பயமும் இல்லை.

இனி சைக்கிளைப் பற்றி. உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும், வேறு யாருக்குச் சொன்னாலும் புரியாது. பழைய சைக்கிள்தான், 1,400 டாலர். நம் பணத்துக்குக் கணக்குப் போடாதீர்கள், நான் போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்லும் நானாக வாங்கி மாட்டினதுதான். டயருக்குள் டியூப் கிடையாது. பால் மாதிரி ஒரு திரவத்தை உள்ளே ஊற்றி விடுகிறார்கள், முள் குத்தினால் அது தானே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். உங்கள் பஞ்சர் தொட்டிக்கு இங்கே வேலையே இல்லை. காற்றும் முன்னால் 22, பின்னால் 25தான். அமுக்கிப் பார்த்தால் "என்னம்மா, காற்றே இல்லையே" என்று பம்பை எடுத்துவிடுவீர்கள். வேரிலும் கல்லிலும் ஏறும்போது டயர் அமுங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காக அப்படி. கையருகே ஒரு விசை, அதை அமுக்கினால் சீட்டு கீழே இறங்கும், இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்திக்கொள்ள. பல்சக்கரம் முன்னால் ஒன்றே ஒன்று, 30 பல். பின்னால் 12 சக்கரம், பெரியதில் 51 பல்! நம் கடை வாடகை சைக்கிளில் பின்னால் 18 பல்தானே. இதில் பெரியதைப் போட்டு பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தாலும் டயர் ஒரு சுற்றுகூட வராது. கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் செங்குத்தாக ஏறலாம். ஏறலாம் என்பது பேச்சுக்கு.

முதல் நாள் நான் ஏறவில்லை, தள்ளினேன். பஞ்சு மார்க்கெட்டுக்கும் கடைக்கும் நடுவே குரங்குப் பெடல் போட்டுப் பழகினவள், பதினொரு வயதில் உங்கள் பெரிய ஹெர்குலிஸை பார் மேல் கால் போட்டு ஓட்டினவள், இங்கே மூன்றாம் எண் பாதையில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒதுங்கி வழி விட்டு நின்றேன். ரோஷம் வந்துவிட்டது.

ரோஷத்தில்தான் தப்பும் வந்தது. இந்தக் காட்டை முழுசாகச் சுற்றி வர 33 கிலோமீட்டர் பாதை ஒன்று இருக்கிறது, ஏரிகளைப் பார்த்தபடி போய்த் திரும்பி வரலாம். நான் ஒரு தாளில் '33 கி.மீ., 3 மணி நேரம், பிப்ரவரிக்குள்' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். மூன்று மணி நேரம் என்பது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு யோசித்தால் தெரியவில்லை. யாரோ சொன்னது, நான் பிடித்துக்கொண்டது. ஃபோனில் ஒரு ஆப், ஒவ்வொரு துண்டுப் பாதையிலும் யார் எவ்வளவு வேகம் என்று காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை "நீ சைக்கிள் ஓட்டுகிறாயா, பரீட்சை எழுதுகிறாயா?" என்று கேட்டார். கேட்டதற்குச் சண்டை வேறு போட்டேன்.

பிப்ரவரி கடைசி வாரம், முந்தின ராத்திரி மழை. இங்கே மண் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்தது, எவ்வளவு பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும், அதை நம்பித்தான் போனேன். மண் காய்ந்திருந்தது, வேர் காயவில்லை. மரப் பெரணிகள் அடர்ந்த ஒரு நிழலான இடம், பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வேர், மணிக்கட்டு கனம் இருக்கும், ஈரத்தில் சோப்பு மாதிரி மினுங்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே போனேன், அதுதான் வினை. கூடவே முன் பிரேக்கையும் பிடித்துவிட்டேன். முன் சக்கரம் வேரோடு வழுக்கிக்கொண்டு போக, நான் தோள்பட்டையில் விழுந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிந்த மாதிரி. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்றுதான் முதலில் பார்த்தேன், உங்கள் பெண்தானே.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பீர்கள். இங்கே 1974 முதல் ஒரு ஏற்பாடு, ஏசிசி என்பார்கள். விபத்து யார் தப்பால் நடந்தாலும் வைத்தியச் செலவை அது பார்த்துக்கொள்ளும், வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் வாரம் போக மீதிக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் தரும். நானே வழுக்கி விழுந்ததற்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அந்த முதல் வாரத்துக்கு என் லீவைப் போட்டேன்.

பிசியோதெரபிக்குப் போனபோது அந்த அம்மா முதலில் கேட்டது, "உனக்கு என்ன செய்ய வேண்டும்?" நான் 33 கிலோமீட்டர் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சரி, இந்த வாரம்?" என்றாள். இந்த வாரம் கெட்டிலை இடது கையால் தூக்க வேண்டும் என்று எழுதினோம், அதுவும் பாதித் தண்ணீரோடு. அடுத்து கொடியில் துணி போடுவது. அப்புறம் என் தலையை நானே பின்னிக்கொள்வது, அதற்கு நாலு வாரம் ஆனது. அதுவரை உங்கள் மாப்பிள்ளைதான் பின்னி விட்டார், அந்தப் பின்னலைப் பார்த்து இல்லத்தில் இருக்கிற பாட்டிகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் இருந்த தாளை ஜூனில் கிழித்தேன். அதே இடத்தில் வேறு ஒன்று ஒட்டினேன்: வாரம் 3 நாள் காட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான், வேகமும் இல்லை, தூரமும் இல்லை. ஷிஃப்ட் மாறினாலும், மழை பெய்தாலும், குளிர்காலத்தில் 5 மணிக்கே இருட்டினாலும் அது என் கையில் இருக்கிற விஷயம். அதோடு ஒரே ஒரு வளைவு.

அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஏற்றத்தின் நடுவே கொண்டை ஊசி மாதிரி இடது பக்கம் திரும்புகிறது, திரும்புகிற இடத்தில்தான் செங்குத்து அதிகம், உள்பக்கம் ஒரு பைன் அடிக்கட்டை. எப்போது போனாலும் அங்கே கால் ஊன்றிவிடுவேன். மற்றதெல்லாம் அப்புறம், இதைக் கால் ஊன்றாமல் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தடவை. ஏறுவது, ஊன்றுவது, இறங்கித் திரும்ப வருவது. நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் இரண்டு சுற்று நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பிறகு காசு கட்டி ஒரு வகுப்புக்குப் போனேன், அரை நாள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். கியரை வளைவுக்கு முன்னாலேயே மாற்றிவிடு, நடுவில் மாற்றினால் செயின் திணறும். வெளிப்பக்கமாக அகலம் எடுத்து வா, உள்பக்கம்தான் அதிகச் செங்குத்து. முன் சக்கரம் தூக்கினால் சீட்டின் நுனிக்கு நகர்ந்து முழங்கையைத் தாழ்த்து. மிதிப்பதை நிறுத்தாதே. இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "நீ சக்கரத்தைப் பார்க்கிறாய், அந்தக் கட்டையைப் பார்க்கிறாய். போக வேண்டிய இடத்தைப் பார்" என்றாள்.

அப்பா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கு முன்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவீர்களே, "ஹாண்ட்பாரைப் பார்க்காதேடி, ரோட்டைப் பார், ரோட்டைப் பார்" என்று தெருவே கேட்கக் கத்துவீர்களே. நான் இங்கே 95 டாலர் கட்டி அதையே இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, தூறல், யாருமே இல்லை. அகலமாக வந்தேன், கட்டையைப் பார்க்கவில்லை, மேலே பாதை தெரிகிற இடத்தில் ஒரு பெரணி தொங்கும், அதையே பார்த்தேன். நாலு மிதி. பின் சக்கரம் ஒரு தடவை சறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் பார்த்தால் மேலே நிற்கிறேன். கைதட்ட ஆளில்லை, பெல்லை அடித்துக்கொண்டேன்.

33 கிலோமீட்டரும் முடிந்தது அப்பா, நவம்பரில், பேரனோடு. அவன் முன்னால் போய்ப் போய் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். மேலே ஒரு இடத்தில் டிகிடாபு ஏரி தெரியும், நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். பக்கத்து ஏரி பச்சை, அது மாவோரிகளுக்குப் புனிதம், யாரும் இறங்கக் கூடாது. கட்டி எடுத்துப் போன புளியோதரையை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். மொத்தம் 4 மணி 50 நிமிஷம், சாப்பாடு சேர்த்து. நாலு இடத்தில் கால் ஊன்றினேன், அந்த வளைவில் ஊன்றவில்லை. மூன்று மணி நேரக் கணக்கை மறுபடி எடுக்கிற எண்ணம் இல்லை. இதைவிடக் கடினமான பாதைகள் நிறைய இருக்கின்றன, துஹோடோ அரிகி என்று ஒன்று. 1886இல் டாராவெரா எரிமலை வெடித்தபோது மண்ணுக்குள் புதைந்து நாலு நாள் கழித்து உயிரோடு எடுத்த ஒரு மாவோரிப் பூசாரியின் பேர் அது. பேரைக் கேட்டதுமே அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், அம்மாவிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு உதவி. அந்தச் சுற்றுக்கு அப்புறம் முன் சக்கரத்தில் லேசாகக் கோட்டம் தெரிகிறது, சுற்றிவிட்டால் ரிம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. இங்கே கடையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள், ஆனால் நானே எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஸ்போக் சாவி வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு உங்களுக்குக் காலை 6 மணி, எனக்கு மதியம் ஒன்றரை. கேமராவைச் சக்கரத்துக்கு நேரே வைக்கிறேன், எந்தக் கம்பியை எவ்வளவு முறுக்குவது என்று பார்த்துச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள், போன தடவை மாதிரி தேட வேண்டாம்.

அம்மாவின் மூட்டு வலிக்கு அந்தத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கடையில் வெயிலில் உட்காராதீர்கள்.

உங்கள் மகள்